அரக்கோணத்திலிருந்து படை வரும் வரை: நச்சுப்பொருள் தாக்குதலும் முதல் மீட்பாளர் பயிற்சியும்

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி, போபால் ஹமீதியா மருத்துவமனைக்குக் கண் எரிந்தும் மூச்சுத் திணறியும் ஆயிரக்கணக்கானோர் வந்து விழுந்தார்கள். அவர்கள் சுவாசித்தது என்னவென்று அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணீர்ப்புகை போல எரிச்சலூட்டும் வாயு என்ற அளவில்தான் யூனியன் கார்பைடு ஆலைத் தரப்பிலிருந்து பதில் கிடைத்தது. பத்தாண்டுக்குப் பிறகு, 1995 மார்ச் 20 காலையில், ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பினர் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சைப் பரப்பினர். தீயணைப்புத் துறையின் முதல் சோதனை அதை வேறொரு வேதிப்பொருள் என்று காட்டியது. சாரின்தான் என்று வெளியே தெரிய ஏறத்தாழ மூன்று மணி நேரமானது. முன்னது அலட்சியம் விளைவித்த விபத்து, பின்னது திட்டமிட்ட கொலை. ஆயினும் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை. பாதிக்கப்பட்டவர்களைத் தூக்கியவர்களுக்குத் தாம் எதைத் தொடுகிறோம் என்பது தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்துக்காக யாரை, எதில், எவ்வளவு பயிற்றுவிப்பது? நூறாண்டாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு மூன்று வகையான விடைகள் தரப்பட்டிருக்கின்றன. தனிப்படை அமைப்பது ஒன்று. அன்றாடப் பணியாளர்களையே தயார்செய்வது மற்றொன்று. மருத்துவமனை வாசலிலிருந்து தொடங்குவது மூன்றாவது. அவற்றைத் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் என்ற குறிப்பிட்ட நிலத்தின்மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரும் வேதித் தொழிற்பேட்டையோ தலைநகரின் வசதிகளோ திருச்சிக்கு இல்லை. நாட்டின் நடுத்தர நகரங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே.

கேள்வியின் வயது

போர்க்களத்தில் பெருமளவு குளோரின் முதன்முதலில் பயன்பட்டது 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே. அதன்பின் நீண்ட காலம் நச்சுவாயு என்பது ராணுவத்தின் கவலையாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணத்திலும் வான் தாக்குதல் தற்காப்பு வார்டன்கள் நியமிக்கப்பட்டபோதுதான் குடிமக்களையும் பயிற்றுவிக்கலாம் என்ற எண்ணம் இங்கே கால்வைத்தது. சீன, பாகிஸ்தான் போர்களுக்குப் பின் வந்த 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டமும் அதே தடத்தில் வந்ததுதான்: எதிரி வானிலிருந்து வருவான், சங்கு ஒலிக்கும், மக்கள் பதுங்குவார்கள்.

போபால் இந்தக் கற்பனையைக் கலைத்தது. ஆபத்து உள்ளூர் ஆலையிலிருந்து, சங்கே ஒலிக்காமல், தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1989இல் அபாயகரமான வேதிப்பொருட்களுக்கான விதிகளும், 1996இல் வேதி விபத்துகளுக்கான அவசரத் திட்டமிடல் விதிகளும் வந்தன. மத்தியில் தொடங்கி மாநிலம், மாவட்டம், உள்ளூர் என நான்கு அடுக்கு நெருக்கடிக் குழுக்கள் உருவானது 1996 விதிகளால். மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். 2005இன் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பிறகு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007இல் தொழிற்சாலை வேதிப் பேரிடருக்கும் பெருந்திரள் மருத்துவ ஆயத்தத்துக்கும், 2009இல் வேதிப் பயங்கரவாதத்துக்கும் தனித்தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆக, காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. கடைசிப் படியில் நிற்கும் ஏட்டு, தீயணைப்பு வீரர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரிடம் அந்தக் காகிதம் எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் ஐயம்.

திருச்சியும் தீவும்

பெல் நிறுவனம், படைக்கலத் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, வாழவந்தான்கோட்டை எரிபொருள் முனையம், விமான நிலையம் என்று நகரைச் சுற்றிப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னை–மதுரை நெடுஞ்சாலையும் கோவை–தஞ்சை திசைச் சாலைகளும் இங்கேதான் சந்திக்கின்றன. எனவே ஊருக்குள் இல்லாத வேதிப்பொருள்கூட டேங்கர் லாரியில் ஊரைக் கடந்து போகிறது. ஆலையை மட்டும் வைத்துப் போடும் அவசரத் திட்டம் இந்தச் சாலைகளைக் கணக்கில் கொள்வதில்லை; இது திருச்சிக்கு மட்டும் உரிய குறையன்று.

நதிக்கு அப்பால் ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு, ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயில், அவற்றின் வெளிச்சுற்றுகளில் குடியிருப்புத் தெருக்கள், கடைவீதிகள். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். பலத்த காயமுற்றவர்களைக் கொண்டுசேர்க்க வேண்டிய மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையோ நதிக்குத் தெற்கே புத்தூரில் இருக்கிறது. ஆம்புலன்சுக்கு வழி பாலங்கள்தான். 2022–23இல் பராமரிப்புக்காகக் காவிரிப் பாலம் சில மாதங்கள் மூடப்பட்டபோது அந்தச் சார்பு எவ்வளவு என்பது ஊருக்கே புரிந்தது.

இங்கே நச்சுவாயுத் தாக்குதல் எதுவும் நடந்ததில்லை. அருகில் வைத்துப் பார்க்கக்கூடிய துயரங்கள் உண்டு. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பற்றியதில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2016 டிசம்பர் 1 அன்று துறையூர் அருகே முருங்கப்பட்டி வெடிபொருள் ஆலையில் நேர்ந்த வெடிப்பில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். இவற்றைத் தீ, வெடி என்று வகைப்படுத்துவதே வழக்கம். ஆனால் மூடிய இடத்தில் எழும் புகையும் கார்பன் மோனாக்சைடு கலந்த நச்சுவாயுதான். பிளாஸ்டிக்கும் செயற்கை இழையும் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும். நச்சுவாயு மீட்பு என்பது தீயணைப்பாளருக்கு அறவே அந்நியமான வேலை அல்ல என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தனிப்படை வாதம்

முதல் விடை இது: வேதி, உயிரி, கதிரியக்க ஆபத்துகள் அரிதானவை, நுட்பமானவை, அவற்றுக்கெனக் கருவியும் கவசமும் கொண்ட தனிப்படை வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006இல் உருவானபோது அதன் தொடக்கக் காலப் படைப்பிரிவுகளில் நான்கு இப்பணிக்குத் தயார்செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று அரக்கோணத்தில் இருக்கிறது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் கவச உடை, நச்சு கண்டறியும் கருவி, தானே செலுத்திக்கொள்ளும் ஊசி முதலியவற்றை உருவாக்கியிருக்கிறது. 2011இல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய ஜப்பானுக்கே இந்தப் படையின் 46 பேர் சென்று பணியாற்றினர்.

இந்த வாதத்தின் வலிமை மறுக்க முடியாதது. கசியும் வால்வை அடைப்பது, பொருளை உறுதிசெய்வது, மண்ணிலும் நீரிலும் தங்கியதை அகற்றுவது ஆகியவற்றைப் பழக்கமில்லாதவர் செய்யக் கூடாது. 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்தபோது புனேயிலிருந்து நிபுணர் குழு விமானத்தில் வந்தது. தொட்டிக்குள் நடந்த வேதிவினையைத் தணிக்கும் பொருள் குஜராத்திலிருந்து வரவழைக்கப்பட்டது. இரண்டும் தேவைப்பட்டன, இரண்டும் பயன்பட்டன.

ஆனால் அங்கே இறந்த 12 பேரில் பெரும்பாலோர் அவர்கள் வருமுன்பே இறந்துவிட்டனர். மயங்கிக் கிடந்தவர்களைத் தெருவிலிருந்து தூக்கியவர்கள் உள்ளூர் இளைஞர்களும் காவலர்களும். அரக்கோணத்திலிருந்து திருச்சிக்குச் சாலைவழித் தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். செய்தி கிடைத்த நிமிடமே கிளம்பினாலும் ஐந்தாறு மணி நேரம் ஆகும். குளோரினோ அம்மோனியாவோ உயிரைப் பறிக்கும் வேகம் நிமிடக் கணக்கில் ஆனது. எனவே தனிப்படையை இரண்டாவது கட்டத்துக்கான விடையாகக் கொள்வதே பொருந்தும். தமிழகத்தில் ஆயத்தம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘எங்களிடம் படை இருக்கிறது’ என்பதே முதல் பதிலாக வருவது ஒருவகையில் கேள்வியைத் தள்ளிப்போடுவதாகும்.

அன்றாடப் பணியாளர் வாதம்

இரண்டாவது விடை: தினமும் தெருவில் இருப்பவரே முதலில் வருவார், அவருக்கு எல்லா ஆபத்துக்கும் பொதுவான சில பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தால் போதும். பிரிட்டன் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் துறைகளுக்குப் பொதுவாக வகுத்த முதல்கட்ட நடைமுறை இவ்வகையைச் சேர்ந்தது. காரணம் தெரியாமல் ஒருவர் விழுந்து கிடந்தால் வழக்கம்போல் அணுகலாம். இருவர் என்றால் எச்சரிக்கை. மூவரோ அதற்கு மேலோ என்றால் நெருங்காமல் தகவல் சொல்ல வேண்டும். காற்றுக்கு எதிர்த்திசையில் வண்டியை நிறுத்துவது, பாதிக்கப்பட்டவர்களைக் குரல் கொடுத்தே வெளியே வரச்செய்வது, உடையைக் களையச் சொல்வது என்று மேலும் சில படிகள். கருவி எதுவும் தேவைப்படாத பயிற்சி இது.

நம் ஊருக்கு இதோடு சேர்க்க வேண்டியது டேங்கரின் பலகை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆபத்தான பொருளை ஏற்றிச்செல்லும் லாரியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். அதிலுள்ள நான்கிலக்க எண் பொருளைச் சொல்லிவிடும்: 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1075 சமையல் எரிவாயு. அந்த எண்ணைத் தொலைவிலிருந்தே படித்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லத் தெரிந்த ஒரு போக்குவரத்துக் காவலர், போபால் மருத்துவர்களுக்குக் கிடைக்காத ஒன்றைப் புத்தூர் மருத்துவர்களுக்குக் கொடுத்துவிடுவார். சில நிமிடங்களில் கற்பித்துவிடக்கூடிய செய்தி இது. ஆனால் தாக்குதல் என்று வந்தால் பலகை இருக்காது, அல்லது பொய் சொல்லும். இந்த வாதத்தின் முதல் ஓட்டை அது.

இரண்டாவது ஓட்டை கவசம். தீயணைப்பு நிலையத்தின் சிலிண்டர் பொருத்திய மூச்சுக் கருவி அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். நுரையீரலைக் காக்கும், தோலைக் காக்காது. முழு உடற்கவசமோ குளிர்நாட்டில் வடிவமைக்கப்பட்டது. அங்கேயே இருபது, முப்பது நிமிடங்களுக்கு மேல் அணிந்து வேலை செய்ய வேண்டாம் என்கிறார்கள். அக்னி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில் அதை அணிந்தவரே அடுத்த நோயாளியாகிவிடலாம். வெப்ப நாடுகளுக்கான பணி, ஓய்வு அட்டவணைகள் ராணுவத்தில் உண்டு. ஆனால் குடிமைத் துறைப் பயிற்சியில் கவசத்தை அணியக் கற்றுத் தருமளவுக்கு, எப்போது கழற்ற வேண்டும் என்பது கற்றுத் தரப்படுவதாகத் தெரியவில்லை.

மூன்றாவது சிக்கல் நிர்வாகம் சார்ந்தது. தீயணைப்பு, காவல் துறைகளில் இடமாற்றம் வழக்கமானது. 108இன் ஓட்டுநரும் அவசர மருத்துவ உதவியாளரும் அரசுப் பணியாளர்களே அல்லர், ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள். திருச்சியில் மாநிலத் தீயணைப்புத் துறையோடு விமான நிலையத்துக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கும் தனித்தனித் தீயணைப்பு ஏற்பாடுகள் இருக்கின்றன. ரயில்வேயிடம் விபத்து நிவாரண ரயிலும் மருத்துவ வேனும் பொன்மலையில் மருத்துவமனையும் இருக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் ஒரு நடுத்தர நகரத்துக்கு இது குறைவான பலமன்று. வெவ்வேறு சீருடைகள், வெவ்வேறு வயர்லெஸ், வெவ்வேறு மேலதிகாரிகள் என்பதுதான் தடை.

மருத்துவமனை வாசல்

டோக்கியோ தந்த பாடம் மூன்றாவது விடைக்கு அடித்தளமானது. அன்று மருத்துவமனைகளை நாடிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஆம்புலன்சில் வந்தவர்கள் சிறுபான்மை. மற்றவர்கள் நடந்தும் டாக்சியிலும் வந்தார்கள். புனித லூக்கா மருத்துவமனைக்கு மட்டும் அன்றைய நாளில் 640 பேர் வந்தனர். உடை மாற்றாமல், கழுவாமல் உள்ளே அனுமதிக்கப்பட்டதால், அவர்களைக் கவனித்த ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நச்சின் அறிகுறி தோன்றியது. காற்றோட்டம் குறைந்த சிற்றாலயத்தில் நோயாளிகளைக் கிடத்தியிருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நச்சு இன்னதென ஊகிக்க உதவியது எந்தக் கருவியும் அன்று. முந்தைய ஆண்டு மட்சுமோட்டோ நகரில் இதே நச்சுக்கு ஆளானவர்களைக் கவனித்திருந்த மருத்துவரிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு.

சம்பவ இடத்தில் மூன்று வளையங்கள் வரைந்து, கழுவிய பிறகே அனுப்புவோம் என்ற பழைய கோட்பாடு, மக்கள் காத்திருப்பார்கள் என்று நம்புகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். ஸ்ரீரங்கத்திலும் அப்படித்தான் நடக்கும். ஆட்டோ, ஷேர் ஆட்டோ, இரு சக்கர வாகனம் என்று கிடைத்ததில் ஏற்றி முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனைக்கும், அருகிலிருக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும், பிறகு பாலம் தாண்டிப் புத்தூருக்கும் போவார்கள். அப்படியானால் உடை களைவதும் கழுவுவதும் கேஷுவாலிட்டியின் வாசலில், கதவுக்கு வெளியே நடந்தாக வேண்டும். அதற்கு முதலில் பயிற்சி வேண்டியவர்கள் மருத்துவர்கள்கூட அல்லர். வாசல் காவலாளி, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், சீட்டு எழுதுபவர்.

இந்த இடத்தில் டெல்டாப் பகுதிக்கு ஒரு கசப்பான அனுபவ பலம் உண்டு. சாரின் முதலான நரம்பு நச்சுகளும் வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளும் உடலில் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. கண்மணி சுருங்குதல், எச்சில் பெருக்கு, மூச்சுக்குழாயில் நீர் சேர்தல் என்று அடையாளங்களும் ஒன்றே. டோக்கியோ மருத்துவர் பலருக்குப் புத்தகத்தில் மட்டும் அறிமுகமாகியிருந்த இந்த நோயாளியைத் தமிழக அரசு மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர் அடிக்கடி பார்க்கிறார். அட்ரோபினை எவ்வளவு, எந்த வேகத்தில் ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பது அவருக்குக் கைப்பழக்கம். 2017க்குப் பின் மாநில அரசு கொண்டுவந்த விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயாளிகளைப் பிரிக்கும் முறையும் பெரிய அரசு மருத்துவமனைகளில் பழக்கமாகியிருக்கிறது. புதிய பயிற்சித் திட்டம் வகுப்பவர்கள் ஏனோ இந்தத் தேர்ச்சியைக் கணக்கில் எடுப்பதில்லை. அயல்நாட்டுப் பாடநூலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. பூச்சிமருந்து பெரும்பாலும் வயிற்றின் வழியாக, ஒருவருக்கு, மணிக்கணக்கில் வேலை செய்கிறது; நரம்பு நச்சு மூச்சின் வழியாகப் பலருக்கு, நிமிடங்களில். ஒரு நோயாளிக்கு ஏற்றும் அட்ரோபின் ஆம்பியூல்களின் எண்ணிக்கையை ஐம்பதால் பெருக்கினால் எந்த மருத்துவமனை இருப்பும் தள்ளாடும். மாற்று மருந்தான பிராலிடாக்சைம் பற்றிய விவாதமும் முடிந்தபாடில்லை. 1990களில் வேலூர் சி.எம்.சி.யில் நடந்த ஆய்வுகள் அதனால் பலன் காணவில்லை. 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஆய்வு தொடர்ந்து ஏற்றினால் பலனுண்டு என்றது. 2009இல் இலங்கை மருத்துவமனைகளில் 235 பேரிடம் நடந்த ஆய்வு மீண்டும் இல்லை என்றது. எல்லாமே பூச்சிமருந்து நோயாளிகளிடம் செய்யப்பட்டவை. நரம்பு நச்சுக்கு அவற்றை அப்படியே பொருத்துவது சரியா என்பதும் விவாதத்துக்குரியது. போபாலில் சோடியம் தயோசல்பேட் கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுந்த நீண்ட சர்ச்சையை நினைவில் வைத்திருப்பவர்கள், பயிற்சிக் கையேட்டில் மருந்தின் பெயரை அடித்துச் சொல்லத் தயங்குவது இயல்பு.

உடை, நீர், வெட்கம்

உடையைக் களைந்தாலே மேனியில் படிந்த நச்சில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு நீங்கிவிடும் என்ற கூற்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. உடல் முழுதும் மூடிய ஐரோப்பிய உடைக்கு அது ஏறத்தாழப் பொருந்தலாம். எந்த அளவு என்பது உடையையும் நச்சையும் பொறுத்தது. அமெரிக்க அரசுக்காகப் பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘பிரிசம்’ வழிகாட்டி இதைப் படிப்படியாக்கியது: சில நிமிடங்களுக்குள் உடை களைதல், பிறகு உறிஞ்சும் துணி அல்லது காகிதத்தால் ஒற்றியெடுத்தல், அதன் பிறகே குளிப்பாட்டல். ஒவ்வொரு படியிலும் எஞ்சிய நச்சு பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது அவர்களின் கணக்கு.

முன்பெல்லாம் தீயணைப்பு வண்டிகளை எதிரெதிரே நிறுத்தி நீர் பீய்ச்சுவதே முதல் வேலை. இப்போது, தாமதமாக ஊற்றும் நீர் சில நச்சுகளைத் தோலுக்குள் மேலும் ஏற்றிவிடலாம் என்று ஆய்வுகள் எச்சரிப்பதால், உலர் முறை முன்னுக்கு வந்திருக்கிறது. கண்ணிலும் தோலிலும் எரிச்சல் உண்டாக்கும் அரிபொருள் என்றால் மட்டும் உடனே நீர். வெறும் வாயுவை மட்டும் சுவாசித்தவருக்குக் கண் கழுவுவதற்கு மேல் குளியல் அவசியமில்லாமலும் போகலாம். ‘எரிகிறதா, ஈரமாக ஒட்டியிருக்கிறதா’ என்ற இரண்டு கேள்விகளில் இந்த வேறுபாட்டை ஒரு காவலருக்குப் புரியவைத்துவிடலாம். நீண்ட விரிவுரை தேவைப்படாது.

இவற்றில் எதுவும் புடவை கட்டி, எண்ணெய் தடவிய நீண்ட கூந்தல் பின்னிய பெண்ணிடம் சோதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இடையும் கையும் வெளியே தெரியும் உடையில் தோலில் படிவது எவ்வளவு? கொசுவத்திலும் மடிப்பிலும் தேங்குவது எவ்வளவு? வேட்டி மட்டும் உடுத்து மேலாடையின்றி நிற்கும் ஆணுக்கு உடை களைந்து என்ன பயன்? ஸ்ரீரங்கத்தின் திருவிழாக் கூட்டத்தைப் பொறுத்தவரை இவை நடைமுறைக் கேள்விகள்.

வெட்கத்தைப் பயிற்சியாளர்கள் தடையாகவே பேசுகிறார்கள். பிரிட்டனில் ஹாலி கார்ட்டர், ஜான் ட்ரூரி முதலியோர் செய்த ஆய்வுகள் வேறொரு கோணத்தைக் காட்டுகின்றன. ஏன் கழற்றச் சொல்கிறோம் என்று காரணம் சொல்லி, மறைப்பும் கொடுத்தால் கூட்டம் ஒத்துழைக்கிறது, ஒருவருக்கொருவர் உதவுகிறது, அதட்டினால்தான் முரண்டுகிறது. ஸ்ரீரங்கத்தின் அம்மாமண்டபப் படித்துறையில் முன்பின் அறியாத பெண்கள் ஒருவருக்கொருவர் மறைப்புப் பிடித்து ஈரப்புடவை மாற்றுவது அன்றாடக் காட்சி. அந்தப் பழக்கம் அவசரத்திலும் கைகொடுக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. பெண் காவலர்களையும் கோயில் பெண் ஊழியர்களையும் முன்னிறுத்திப் போர்வைகளைக் கைவசம் வைத்தால், வெட்கத்தைத் தீராத தடையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் கழுவுநீர் காவிரியில்தான் கலக்கும். உயிரா ஆறா என்றால் உயிர்தான் என்று வழிகாட்டிகள் சொல்லிவிடுகின்றன. கீழ்ப்பகுதியில் அந்த ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் ஊர்களுக்கு யார் எப்போது சொல்வது என்பது பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

அஞ்சி வருவோர்

1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம்-137 பரவியபோது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பரிசோதிக்கப்பட்டனர். கதிரியக்கம் படிந்திருந்தது 249 பேரிடம். 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல் மருத்துவமனைகளுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏவுகணையால் நேரடியாகக் காயமுற்றோர் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. தேவையின்றி அட்ரோபினைத் தாமே செலுத்திக்கொண்டவர்களும் அதில் உண்டு. இப்படிக் காயமின்றி அஞ்சி வருவோரை ‘வீண் பயம்’ என்று ஒதுக்குவது தவறு. மூச்சிரைப்பும் படபடப்பும் நச்சின் முதல் அடையாளங்களாகவும் இருக்கக்கூடும். பிரித்தறிய மருத்துவர் வேண்டும், இடம் வேண்டும், சில மணி நேரக் கண்காணிப்பு வேண்டும். திருச்சியில் அப்படியோர் இடத்தை மருத்துவமனைக்கு வெளியே, கல்லூரி மைதானத்திலோ மண்டபத்திலோ முன்கூட்டியே குறித்து வைப்பது செலவில்லாத ஏற்பாடு.

தாக்குதல் என்றால் என்ன மாறும்?

ஆய்வாளர் புரூஸ் ஹாஃப்மன், அரசல்லாத அமைப்பு ஒன்று போரில் வேதி ஆயுதம் பயன்படுத்திய முதல் நிகழ்வாக, 1990 ஜூனில் இலங்கையின் கிழக்கே கிரான் ராணுவ முகாம்மீது விடுதலைப் புலிகள் குளோரினைச் செலுத்தியதைக் குறிப்பிடுகிறார். அருகிலிருந்த காகித ஆலையின் குளோரின் அது. தொழிற்சாலைப் பொருளுக்கும் ஆயுதத்துக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெலிது என்பதற்கு அண்டை மண்ணிலிருந்தே கிடைக்கும் சான்று. ஈராக்கில் 2007இல் குளோரின் சிலிண்டர்களோடு வெடித்த லாரிகளால் இறந்தவர்களில் பெரும்பாலோர் வெடிப்பால் இறந்தவர்கள் என்று கருதப்படுகிறது. 2018இல் பிரிட்டனின் சாலிஸ்பரியில் நரம்பு நச்சு பூசப்பட்ட வீட்டுக்குச் சென்ற காவலரே நோயாளியானார்; ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழித்து அருகே ஏம்ஸ்பரியில், வீசியெறியப்பட்ட பாட்டிலால் ஒரு பெண் உயிரிழந்தார்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவு: சிகிச்சையைப் பொறுத்தவரை விபத்தோ தாக்குதலோ பெரிதாக எதுவும் மாறுவதில்லை. களத்தில்தான் மாறுகிறது. இரண்டாவது வெடிப்புக்கான எச்சரிக்கை, களைந்த உடைகளைச் சாட்சியமாகப் பையிலிட்டுக் குறியிடுதல், வதந்தியைத் தடுத்தல் ஆகியவை கூடுதல் கடமைகள். தாக்குதலுக்கெனத் தனிப் பாடத்திட்டம் வேண்டும் என்பவர்களின் நியாயம் இந்தச் சிறு பகுதிக்குத்தான் பொருந்தும். விபத்துக்கான பயிற்சியை ஒழுங்காகச் செய்துவிட்டு அதன்மேல் இதை ஏற்றுவது மலிவும் சாத்தியமும் ஆகும்.

ஒத்திகைகள் எதை நிரூபிக்கின்றன?

புகைக்குப்பி கொளுத்தி, தன்னார்வலர்களைப் படுக்கவைத்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும் ஒத்திகைகளை நாளிதழ் படங்களில் பார்க்கிறோம். 2004இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மருத்துவமனை ஊழியர்களுக்கான பெருந்திரள் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, எந்தப் பயிற்சி முறை உண்மையில் பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றனர். அதற்குப் பிறகு ஆய்வுகள் பெருகியிருந்தாலும், பெரும்பாலானவை பயிற்சி முடிந்த கையோடு வைக்கும் வினாத்தாளையே அளவுகோலாகக் கொள்கின்றன. நெஞ்சழுத்த முதலுதவியிலேயே திறன் சில மாதங்களில் மங்குவது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறைகூட நேராத ஒன்றுக்கான பயிற்சி அதைவிட வேகமாக மறந்துபோகும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

முன்னறிவித்து, பகலில், அதிகாரிகள் முன்னிலையில் நடக்கும் ஒத்திகையில் குறை வெளிப்படுவது அரிது. ஆடி மாதத்து மேல்காற்றில் வகுத்த வெளியேற்றத் திசை, காற்றே அசையாத வேறொரு பருவத்துக்குப் பொருந்தாது என்பதைக்கூட அது காட்டிக் கொடுக்காது. ஆண்டுக்கொரு பெரிய நாடகத்தைவிட, பணிமாற்ற நேரத்தில் பத்து நிமிடம், மாதம் ஒருமுறை, ஒரே ஒரு செயலை மட்டும் செய்துபார்ப்பது மேல் என்ற கருத்து வலுத்து வருகிறது. அதற்கும் நேரடிச் சான்று குறைவுதான். செலவு குறைவு என்பதால் முயன்று பார்ப்பதில் இழப்பில்லை.

தீராதவை

மூன்று விடைகளையும் எடைபோட்டால், முதல் மணி நேரத்தைப் பொறுத்தவரை அன்றாடப் பணியாளரும் மருத்துவமனை வாசலும் என்ற பக்கமே சான்றுகள் சாய்கின்றன. தனிப்படையின் தேவை குறையவில்லை, அதன் நேரம் வேறு. இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாதவை பல. நம் உடைக்கும் வெயிலுக்கும் ஏற்ற உடை களைதல், உலர் முறை பற்றிய சோதனை இங்கேயே செய்யப்பட வேண்டும். டெல்டா மருத்துவமனைகளின் பூச்சிமருந்து அனுபவம் பெருந்திரளுக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதையும் அளந்தாக வேண்டும். திருச்சியிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கும்போது இவ்விரண்டையும் அயலில் தேட வேண்டியதில்லை. அட்ரோபின் இருப்பை மாவட்ட அளவில் பகிர்ந்து வைப்பதா, ஓரிடத்தில் குவிப்பதா என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்தில்லை. நடுவில் இரண்டு ஆறுகள் இருக்கும் ஊருக்குப் பகிர்ந்து வைப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது அதிகாரம் பற்றிய கேள்வி. விதிப்படி நெருக்கடிக் குழுவைக் கூட்டுபவர் ஆட்சியர். ஆனால் பொருள் இன்னதென்று தெரியாத முதல் பத்து நிமிடத்தில், பாலத்தின் எந்தப் பக்கத்தை மூடுவது, கூட்டத்தை வெளியே அனுப்புவதா வீடுகளுக்குள்ளேயே இருக்கச் சொல்வதா என்ற முடிவு அங்கே நிற்கும் ஓர் உதவி ஆய்வாளரிடமோ நிலைய அலுவலரிடமோதான் வந்து சேரும். முடிவு தவறினால் விசாரணை அவர்மேல் வரும், காத்திருந்தால் வராது. இந்த நிலை மாறாமல் பயிற்சியை மட்டும் கூட்டினால் அவர் முடிவெடுப்பாரா என்பதை எந்த ஆய்வும் இதுவரை சோதித்ததாகத் தெரியவில்லை. நல்லெண்ணத்தோடு எடுத்த முதல் மணி நேர முடிவுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு எந்த எல்லைவரை தரலாம் என்பது, 1996 விதிகளை அடுத்த முறை திருத்துபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.